மனிதர் அருகிய சமவெளி: நெபிராஸ்காவின் செரி கவுண்டி பற்றிய ஒரு சமூகப் புவியியல் நோக்கு

ஒரு நிலப்பகுதியில் மனிதர் குறைவாக வாழ்கின்றனர் என்றால் அதற்கான காரணத்தை நாம் வழக்கமாக இயற்கையிடமே தேடுகின்றோம். மழை போதாது, மண் வளமற்றது, குளிர் கடுமையானது என்ற விடைகள் உடனே கிடைத்துவிடுகின்றன. இவ்விடைகள் பொய்யானவை அல்ல. ஆனால் முழுமையானவையும் அல்ல. ஒரே மண்ணிலும் ஒரே மழையிலும் ஒரு காலத்தில் இரட்டிப்பு மக்கள் வாழ்ந்து பின்னர் அவ்விடத்தை விட்டு நீங்கினர் எனில், இயற்கைக்கு அப்பாலும் சென்று காரணம் தேடவேண்டிய தேவை எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில், நெபிராஸ்கா மாநிலத்தின் வட எல்லையில் அமைந்துள்ள செரி கவுண்டி இத்தகைய ஆய்வுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதன் பௌதிகச் சூழலையும், நிலவுடைமை வரலாற்றையும், இன்றைய வாழ்வியலையும் தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அமைவிடமும் அளவும்

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உள்ளூர் ஆட்சிப் பிரிவாகும். நெபிராஸ்காவில் இத்தகைய பிரிவுகள் 93 உள்ளன. அவற்றுள் பரப்பிற் பெரியது செரி. அதன் பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல்; அதாவது 15,500 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் நாலிலொரு பங்கிற்குச் சற்றே குறைந்த இப்பரப்பில் 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி வாழ்ந்தோர் 5,455 பேர் மட்டுமே. இவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் கவுண்டியின் தலைநகரான வலன்ரைனில் வாழ்கின்றனர். எஞ்சியோர் கோடி, கில்கோர், மெரிமன், குறூக்ஸ்ரன், நென்செல், வுட் லேக் முதலிய சிற்றூர்களிலும், ஒன்றுக்கொன்று பல மைல் இடைவெளியில் அமைந்த மாட்டுப் பண்ணைகளிலும் பரந்துள்ளனர்.

கவுண்டி கிழக்கு மேற்காக ஏறத்தாழ நூறு மைல் நீள்கின்றது. இதனால் அதன் கிழக்குப் பகுதி ஒரு நேர வலயத்திலும் மேற்குப் பகுதி மற்றொரு நேர வலயத்திலும் அடங்குகின்றன. தென்மேற்கு மூலையில் வாழும் ஒருவர் காணி உறுதி ஒன்றைப் பதிவு செய்யவோ நீதிமன்றுக்குத் தோற்றவோ தலைநகருக்கு நூறு மைலுக்கு மேற் பயணஞ்செய்ய வேண்டும். கவுண்டியின் மருத்துவமனையும் வலன்ரைனிலேயே உள்ளது. இங்கு தூரம் என்பது வரைபடத்து அளவு மட்டுமன்று. நோய், கல்வி, வாணிபம், நட்பு ஆகிய அனைத்தையும் தீர்மானிக்கும் சமூக உண்மையாகும்.

2. புல்லால் நிறுத்தப்பட்ட மணல்

செரி கவுண்டியின் பெரும்பகுதி மணற்குன்றுப் பிரதேசத்துள் அடங்குகின்றது. மத்திய, மேற்கு நெபிராஸ்காவில் ஏறத்தாழ 19,000 சதுர மைல் பரப்பிற் பரந்துள்ள இப்பிரதேசமே மேற்கு அரைக்கோளத்தின் மிகப்பெரிய மணற்குன்றுத் தொகுதி எனக் கருதப்படுகின்றது. காற்றுக் கொணர்ந்து குவித்த இக்குன்றுகளுட் சில 400 அடி வரை உயர்ந்தவை. சில பல மைல் தூரத்துக்குத் தொடர்வன. சமவெளி என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் தட்டையான நிலக்காட்சியை இங்கு காணமுடியாது. திடீரென அசைவற்று நின்றுவிட்ட கடலலைகளைப் போன்றே இந்நிலம் தோன்றுகின்றது.

இக்குன்றுகளை நிலைநிறுத்தியிருப்பது அவற்றின்மீது வளர்ந்துள்ள புல்லே. நீண்ட வேர்களையுடைய பல்வகைப் புற்கள் மணலைப் பிணைத்துள்ளன. ஆயினும் இப்பிணைப்பு என்றும் நிலைத்திருந்த ஒன்றன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிலவிய நீண்ட வறட்சியின்போது புல் அழிந்து குன்றுகள் மீண்டும் நகர்ந்தன என்பதைப் புவிச்சரிதவியலாளர் நிறுவியுள்ளனர். இன்றும் புல்லாடை கிழிக்கப்படும் இடங்களிற் காற்று மணலைக் குடைந்து பெரும் குழிகளை ஏற்படுத்திவிடுகின்றது. உழவோ, அளவுமீறிய மேய்ச்சலோ, மாடுகள் நாள்தோறும் நடக்கும் ஒற்றையடிப் பாதையோகூட அதற்குப் போதுமானது.

ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 20 அங்குலம். மேற்கே செல்லச் செல்ல இது குறைகின்றது. மழை ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுபடுகின்றது. மாரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகை செல்சியசுக்கும் தாழ்வதுண்டு. கோடையில் 40 பாகையை எட்டுவதுமுண்டு. கடலின் தணிக்கும் செல்வாக்கிலிருந்து வெகுதொலைவில் உள்ள கண்ட உட்பகுதிக் காலநிலையின் இயல்பு இதுவாகும்.

இவ்வளவு குறைந்த மழையுள்ள மணற்பரப்பு நீரின்றி வரண்டு கிடக்கும் என எண்ணுதல் இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. மணல் மழைநீரை ஓடவிடாது உறிஞ்சிக்கொள்கின்றது. அந்நீர் கீழிறங்கி ஓகலாலா எனப்படும் பரந்த தரைகீழ் நீர்ப்படையைச் சேர்கின்றது. தென் டக்கோட்டாவிலிருந்து ரெக்சாஸ் வரை எட்டு மாநிலங்களின் கீழ்ப் பரந்துள்ள பெருஞ்சமவெளி நீர்ப்படைத் தொகுதியின் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெபிராஸ்காவின் கீழேயே உள்ளது. அது மிகத் தடிப்பாகக் காணப்படும் இடம் இம்மணற்குன்றுப் பிரதேசமாகும். குன்றுகளுக்கிடையேயுள்ள பள்ளங்களில் தரைகீழ் நீர்மட்டம் நிலமட்டத்தை எட்டுவதனால் ஏரிகளும் ஈரப் புற்றரைகளும் தோன்றியுள்ளன. ஆறுகளும் ஊற்றுக்களால் ஊட்டப்படுகின்றன. எனவே அவை மழைக்காலத்திற் பெருக்கெடுப்பதுமில்லை, வறட்சியில் வற்றுவதுமில்லை.

கவுண்டியின் வடபகுதியினூடாகப் பாயும் நயோபிராரா ஆறு தாவரப் புவியியலாளரின் தனிக்கவனத்தைப் பெற்றதாகும். கிழக்கு அமெரிக்காவின் இலையுதிர் மரங்களும், மேற்கு மலைகளின் பைன் மரங்களும், வடகுளிர்ப் பிரதேசத்துக்குரிய பேர்ச் மரங்களும் இதன் பள்ளத்தாக்கில் அருகருகே வளர்கின்றன. குளிர் மிகுந்த பழைய காலத்தில் தெற்கே பரவிய பேர்ச் மரம், ஊற்றுநீர் குளிர்விக்கும் நிழற்சரிவுகளில் மட்டும் இன்றுவரை தப்பி நிற்கின்றது.

3. "வெற்று நிலம்" என்ற கற்பனை

இப்பிரதேசத்தின் வரலாறு வெள்ளையரின் வருகையுடன் தொடங்குவதன்று. இது லக்கோட்டா மக்களும் பிற சமவெளிக் குடிகளும் காட்டெருமை வேட்டையாடிய நிலம். 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை உடன்படிக்கை, வடபிளாற் ஆற்றுக்கு வடக்கே வேட்டையாடும் உரிமையை லக்கோட்டாக்களுக்கு ஒப்புக்கொண்டது. ஏழு ஆண்டுகள் கழிந்ததும், 1875இல், நெபிராஸ்காவில் அவர்களுக்கிருந்த அவ்வுரிமை சிறுதொகைப் பணத்துக்கு ஈடாகக் கைவிடச் செய்யப்பட்டது. அதே காலத்திற் காட்டெருமை மந்தைகளும் அழித்தொழிக்கப்பட்டன. 1880இல் வலன்ரைனுக்கு அருகே நயோபிராராக் கோட்டை நிறுவப்பட்டமைக்கு, வடக்கே றோஸ்பட் ஒதுக்கிடத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களைக் கண்காணிப்பதே முதன்மைக் காரணமாகும். 1883இல் அமைக்கப்பட்ட இக்கவுண்டிக்கு, ஈராண்டுகளுக்கு முன்னர் கொல்லப்பட்ட சாமுவேல் செரி என்ற அக்கோட்டைப் படை அதிகாரியின் பெயரே சூட்டப்பட்டது. ஆகவே "ஆளில்லா நிலம்" ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலும் பார்க்க, இருந்த ஆட்கள் அகற்றப்பட்டு நிலம் வெறுமையாக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

மணற்குன்றுகளின் உட்பகுதி மாடு வளர்ப்போராலும் முதலில் அஞ்சப்பட்டது. 1879இல் நிகழ்ந்ததொரு சம்பவம் இவ்வச்சத்தைப் போக்கியது. நயோபிராராக் கரையிலிருந்த நியூமன் பண்ணையின் மாடுகள் பனிப்புயலிற் சிதறிக் குன்றுகளுக்குள் ஓடின. அவற்றைத் தேடிச்சென்றோர் தம் மாடுகளை மட்டுமன்றி, முந்திய ஆண்டுகளில் வழிதவறிச் சென்று எவருடைய பராமரிப்புமின்றிக் கொழுத்துத் திரிந்த மாடுகளையும் கண்டனர். பாலை எனக் கருதப்பட்டது மேய்ச்சல் நிலம் என்பது தெளிவாயிற்று. 1883இற் புகையிரதப் பாதை வலன்ரைனை அடைந்ததும் கிழக்கின் இறைச்சிச் சந்தைகளுடன் இந்நிலம் பிணைக்கப்பட்டது.

4. நிலச் சட்டமும் மக்கட்டொகையும்

செரி கவுண்டியின் சமூக வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் நிலச் சட்டங்களிலேயே உள்ளது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. மழை நிறைந்த கிழக்கில் அது போதுமான அளவாக இருந்தது. மணற்குன்றுகளிலோ ஒரு பசுவையும் அதன் கன்றையும் ஓராண்டு பேணுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 ஏக்கர் வரை தேவை. அவ்வாறாயின் 160 ஏக்கர் பத்துப் பசுக்களையே தாங்கும். இதனை முன்னுணர்ந்த ஜோன் வெஸ்லி பவல், 1878இல் வெளியிட்ட வரண்ட நிலங்கள் பற்றிய அறிக்கையில், மேய்ச்சற் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வழங்கப்படவேண்டும் என விதந்துரைத்தார். சட்டமன்றம் அதனை ஏற்கவில்லை.

சட்டம் மக்களுக்கு வாழ்வளிக்காத நிலையிற் பெருமுதலாளர் சட்டத்துக்கு வெளியே செயற்பட்டனர். பார்ட்லற் றிச்சர்ட்சும் வில்லியம் கொம்ஸ்ரொக்கும் நடத்திய ஸ்பேட் பண்ணை, செரி கவுண்டியிலும் அயலிலுமாக ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஏக்கரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. அதிற் பெரும்பகுதி முட்கம்பியால் வேலியடைக்கப்பட்ட அரச நிலமாகும். 1905இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனை தலா 300 டொலர் அபராதமும் ஆறு மணிநேரக் காவலுமே. இத்தண்டனையின் இலேசுத்தன்மையைக் கண்டு சினமுற்ற சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பொறுப்பான சட்ட அதிகாரிகளைப் பதவிநீக்கினார். பின்னர் 1906இல், பொய்யான பெயர்களில் நிலம் கோரியதற்காகத் தொடரப்பட்ட வழக்கில் இருவரும் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். றிச்சர்ட்ஸ் 1911இல் தண்டனைக் காலம் முடியுமுன் இறந்தார்.

இதற்கிடையில் 1904இல் கின்கேட் சட்டம் நிறைவேறியது. மேற்கு நெபிராஸ்காவின் 37 கவுண்டிகளில் ஒரு குடும்பம் 640 ஏக்கர் பெறலாம் என அது விதித்தது. ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டொலர் பெறுமதியான அபிவிருத்தி செய்தால் நிலம் சொந்தமாகும். இச்சட்டத்தின் விளைவு குடிசன எண்களில் தெளிவாகத் தெரிகின்றது. 1900இல் ஏறத்தாழ 6,500ஆக இருந்த செரி கவுண்டியின் மக்கட்டொகை 1920இல் 11,700ஐத் தாண்டியது. புல்தரையை வெட்டி அடுக்கிக் கட்டிய வீடுகள் பள்ளத்தாக்குகளெங்கும் எழுந்தன.

வந்தோர் அனைவரும் வெள்ளையர் அல்லர். வட லூப் ஆற்றின் கரையில், பிறவுண்லீ என்ற சிற்றூருக்கு அருகே, 1907 அளவிற் கறுப்பின மக்கள் டிவிற்றி என்ற குடியிருப்பை நிறுவினர். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடா சென்றோரின் வழித்தோன்றல்களும் இவர்களுள் அடங்குவர். நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் தேவாலயமும் பாடசாலைகளும் இருந்தன. 1930களின் நடுப்பகுதியில் அது முற்றாகக் கலைந்தது. அதன் நினைவாக 2016இல் வீதியோரத்தில் ஒரு வரலாற்றுப் பலகை நாட்டப்பட்டது.

டிவிற்றி கலைந்த காரணமும் ஏனைய குடியேற்றங்கள் கலைந்த காரணமும் அடிப்படையில் ஒன்றே. 640 ஏக்கர் தாங்கக்கூடிய பசுக்கள் முப்பது முதல் நாற்பது வரையே. அவை ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குப் போதா. குறையை நிரப்ப உழுதவர்களின் நிலத்தைக் காற்று அள்ளிச்சென்றது. உழாதவர்கள் கடனில் ஆழ்ந்தனர். முதலாம் உலகப் போருக்குப் பின் விலைகள் வீழ்ந்தபோது நிலம் அயற்பண்ணையாளரின் கைக்கு மாறியது. பெரும் பண்ணைகளை உடைப்பதற்கு இயற்றப்பட்ட ஒரு சட்டம், இறுதியில் அரச நிலம் சட்டபூர்வமாகத் தனியார் பெரும் பண்ணைகளைச் சென்றடைவதற்கான வழியாக அமைந்தது. குடியேறியோரின் மடமையோ சோம்பலோ இதற்குக் காரணமன்று. நிலத்தின் தாங்குதிறனையறியாது, அல்லது அறிந்தும் பொருட்படுத்தாது, நிர்ணயிக்கப்பட்ட அளவே காரணமாகும். பவல் கூறிய அளவில் நாலிலொன்றே கின்கேட் சட்டம் வழங்கியது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

5. இன்றைய உற்பத்தியும் வாழ்வும்

செரி கவுண்டியின் பொருளாதாரம் இன்றும் இறைச்சிக்கான மாடுவளர்ப்பையே ஆதாரமாகக் கொண்டது. தாய்ப் பசுக்களின் எண்ணிக்கையில் அமெரிக்கக் கவுண்டிகளுள் முதன்மையான இடம் இதற்குண்டு. மனிதரை விட மாடுகள் பன்மடங்கு அதிகம். வசந்தத்தில் கன்றீனல், அதனைத் தொடர்ந்து கன்றுகளுக்குச் சூடிடல், கோடையில் ஈரப் புற்றரைகளிலிருந்து வைக்கோற்புல் வெட்டிச் சேர்த்தல், இலையுதிர்காலத்திற் கன்றுகளை ஏலத்தில் விற்றல் என ஆண்டு வட்டம் சுழல்கின்றது. மேய்ச்சல் நிலத்தில் மாடுகளுக்கு நீர் இறைப்பது காற்றாலை. அண்மைக்காலத்திற் சூரியசக்தி இயந்திரங்களும் அதனிடத்தைப் பெற்றுவருகின்றன. சூடிடும் நாட்களில் அயற்குடும்பங்கள் ஒருவர் பண்ணைக்கு மற்றவர் சென்று கூலியின்றி உழைத்துத் திரும்பும் வழக்கம் இன்றும் உள்ளது. தனிமனித வாதத்தின் உறைவிடமாகச் சித்திரிக்கப்படும் இச்சமூகம், பரஸ்பர உதவியின்றி ஓராண்டுகூட இயங்கமுடியாது என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் விலையைத் தீர்மானிப்பது பண்ணையாளன் அல்லன். கன்றுகள் வேறிடங்களிலுள்ள தீனிக்களங்களுக்குச் சென்று கொழுத்த பின்னர் இறைச்சி நிறுவனங்களை அடைகின்றன. அமெரிக்காவிற் கொழுத்த மாடுகளின் கொள்வனவில் ஏறத்தாழ 85 வீதம் நான்கு நிறுவனங்களின் கையில் உள்ளது. மறுபுறம் இறைச்சிவிலையுடன் தொடர்பற்ற செல்வமும் நிலத்தை நாடி வருகின்றது. தொலைக்காட்சித் துறையிற் செல்வந்தரான ரெட் ரேணர் காட்டெருமை வளர்ப்பதற்காக இப்பிரதேசத்தில் பெரும் பண்ணைகளை வாங்கியமை அறியப்பட்டதே. முந்நூறு பசுக்கள் கொண்ட ஒரு குடும்பப் பண்ணைக்கே 4,500 முதல் 6,000 ஏக்கர் வரை தேவைப்படும் இடத்தில், நிலமில்லாத இளைஞன் தன் உழைப்பினால் மட்டும் பண்ணையாளனாதல் அரிதாகிவிட்டது. மக்கள் வெளியேறுவதற்கு இதுவே தலையாய காரணம். பண்ணை பெருக்கக் குடும்பங்கள் குறைகின்றன. குடும்பங்கள் குறையப் பாடசாலையும் கடையும் மூடப்படுகின்றன. அவை மூடப்பட எஞ்சியோரும் நகர் நோக்குகின்றனர்.

பாடசாலைகளின் கதை இதனை விளக்கும். ஓராசிரியர் ஓரறையில் பல வகுப்புகளையும் கற்பித்த கிராமியப் பாடசாலைகள் பண்ணை வாழ்வின் மையங்களாக விளங்கின. ஆரம்ப வகுப்புகள் மட்டுமே கொண்ட தனிப் பாடசாலை மாவட்டங்களைப் பெரிய மாவட்டங்களுடன் இணைக்குமாறு 2005இல் மாநிலச் சட்டமன்றம் விதித்தது. 2006இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் அச்சட்டம் தோற்கடிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் இணைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மக்கள் வென்றனர், பழைய மாவட்டங்களோ மீளவில்லை.

இதற்கு மாறானதொரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். இருநூறுக்குக் குறைந்தோர் வாழும் கோடி என்ற சிற்றூரில் மளிகைக் கடையில்லாத நிலை ஏற்பட்டது. பாடசாலை மாணவர் முன்வந்து, வைக்கோற் கட்டுகளைச் சுவராக அடுக்கி எழுப்பிய கட்டடத்தில் 2013இல் ஒரு கடையைத் தொடங்கினர். மாணவரே அதனை நடத்தினர். இலாபம் தராது என வணிகர் கைவிட்ட ஒரு தேவையைச் சமூகம் தன் கையில் எடுத்துக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

6. "எல்லைப்புறம்" முடிந்ததா?

ஒரு சதுர மைலுக்கு இருவருக்குக் குறைவானோர் வாழும் நிலத்தை எல்லைப்புறமெனக் கொண்ட 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீடு, தொடர்ச்சியான எல்லைப்புறம் இனி இல்லை என அறிவித்தது. இதனை அடிப்படையாகக் கொண்டே பிரடெரிக் ஜக்சன் ரேணர் 1893இல் தமது புகழ்பெற்ற எல்லைப்புறக் கோட்பாட்டை முன்வைத்தார். அதே அளவுகோலைக் கொண்டு நோக்கின், சதுர மைலுக்கு ஒருவருக்கும் குறைவானோர் வாழும் செரி கவுண்டி இன்றும் எல்லைப்புறமே. எல்லைப்புறம் மேற்கு நோக்கி நகர்ந்து மறைந்தது என்ற கருத்து இங்கு பொருந்தவில்லை. அவ்வளவுகோலின்படி, மக்கட்டொகை மிகுந்திருந்த 1920இலும் அது இங்கிருந்து நீங்கவில்லை.

1987இல் பிராங் பொப்பர், டெபோரா பொப்பர் ஆகிய இரு அறிஞர்கள், மக்கள் நீங்கிவரும் சமவெளிப் பகுதிகளைக் காட்டெருமைகளுக்கான பொதுநிலமாக மாற்றலாம் என எழுதியபோது சமவெளி மக்கள் கடும் எதிர்ப்புக் காட்டினர். அவர்களது சினத்தில் நியாயமுண்டு. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு இந்நிலம் எப்போதும் வேறெதற்கோ பயன்படவேண்டிய வெற்றிடமாகவே தோன்றிவந்துள்ளது. 1970களில் சுழல்நீர்ப்பாசன இயந்திரங்களைக் கொண்டு மணற்குன்றுகளிற் சோளம் பயிரிட முனைந்தோர் பலர் மண்ணரிப்பினாற் கைவிட்டுச் சென்றனர். நயோபிராராவை மறிக்கவிருந்த நோர்டன் அணைத்திட்டம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டு, 1991இல் ஆற்றின் 76 மைல் பகுதி பாதுகாக்கப்பட்ட ஆறாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இன்று காற்றுமின் ஆலைகளும் உயரழுத்த மின்கம்பிகளும் பற்றிய விவாதம் அயலவரையே இருகூறாக்கியுள்ளது. ஒருவருக்கு அவை நிலத்தை விற்காது காப்பதற்கான வருவாய். மற்றவருக்கு அவற்றை நிறுவும் பாதைகள் புல்லாடையிற் போடப்படும் கிழிசல்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் இரு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, மணற்குன்றுகளின் இயற்கை நெருங்கிய குடியிருப்பை அனுமதிப்பதன்று. புல்லைக் காப்பதே இந்நிலத்தின் முதல் விதி. இரண்டாவது, அவ்வியற்கை விதித்த எல்லைக்குள்ளும் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்பதை நிர்ணயித்தவை நிலச் சட்டமும் கடனும் சந்தையுமே. பத்தாயிரம் பேர் இங்கு நிலைத்து வாழ்ந்திருக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் வந்தோர்க்கு அதற்கான வாய்ப்பு ஒருபோதும் உண்மையாக வழங்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. அவர்களுக்கு முன்னர் வாழ்ந்தோரிடமிருந்தோ இருந்ததும் பறிக்கப்பட்டது.

குடியடர்த்தி வரைபடங்களில் மிக வெளிறிய நிறத்தாற் குறிக்கப்படும் பகுதிகளை நாம் வெறும் இயற்கையின் வெளிப்பாடாகக் கண்டு கடந்துவிடுகின்றோம். அவ்வெளிறிய நிறத்தினடியில் உடன்படிக்கைகளும் வேலிகளும் கைவிடப்பட்ட புல்தரை வீடுகளும் உள்ளன. அவற்றையும் சேர்த்து வாசிப்பதே சமூகப் புவியியலின் பணியாகும்.